எஞ்சின் லைட் எரியுது, என்ன செய்யிறது?

மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் பார்க்கில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிடைத்த அந்த இடத்தை விட்டுக் கிளம்புகிற நேரம். அதற்காகப் பின்னால் இரண்டு கார் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறது. அப்போது பார்த்து டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் ஒன்று எரிந்தால் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன். அது எரியாதது மாதிரியே கிரேட் வெஸ்டேர்ண் ஹைவேயில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

பின் சீட்டில் இருந்த ஒன்பது வயது மகள்தான் விடவில்லை. "அம்மா, அந்த லைட் என்ன?" "ஒண்டுமில்லை." "ஒண்டுமில்லை எண்டால் ஏன் எரியுது?"

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் ஒரு கராஜில் காரை விட்டேன். பெயர் வேண்டாம். பத்து நிமிடத்தில் போன் வந்தது. கோட் பி0171, ஒக்சிஜன் சென்சர் பழுது, இரண்டு சென்சரும் மாற்றவேண்டும், 860 டொலர். "எதை வைத்து சென்சர் என்று சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். கோட் அப்படித்தான் சொல்கிறது என்றார். நான் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்றதும், "பரவாயில்லை, உங்கள் ஹஸ்பண்டிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஆனால் பொனட்டைத் திறக்கவே யூடியூப் பார்க்கிறவர். காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோட் அப்படிச் சொல்லவே இல்லை என்பதுதான் இந்த மாதப் பத்தியின் விஷயம்.

நான் பிழைப்புக்கு சொஃப்ட்வேர் எழுதுகிறவள். எங்கள் வேலையில் ஒரு சேர்வர் விழுந்தால் முதலில் எரர் லொக்கைத்தான் திறப்போம். பிழையை எந்த இடத்தில் கவனித்தார்கள் என்று அதில் இருக்கும். பிழை எங்கே பிறந்தது என்று அநேகமாக இருக்காது. "தரவுத்தளத்தோடு பேச முடியவில்லை" என்று லொக் சொன்னால் உடனே புதுத் தரவுத்தளம் வாங்குகிற ஆளை நாங்கள் வேலைக்கு வைத்திருக்க மாட்டோம். அது வயராக இருக்கலாம், பாஸ்வேர்டாக இருக்கலாம், யாரோ பிளக்கைக் கழற்றி வக்யூம் கிளீனர் போட்டிருக்கலாம்.

கார் கோட்டும் அதே சாதிதான். ஐந்து எழுத்து. முதல் எழுத்து பி என்றால் எஞ்சினும் கியர்பொக்ஸும், சி என்றால் பிரேக், ஸ்டியரிங் மாதிரியான அடிப்பகுதி, இன்னொரு பி என்றால் எயர்பாக், கதவு முதலான உடல் பகுதி, யு என்றால் காருக்குள் இருக்கிற கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற வலையமைப்பு. (ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கிற இரண்டு எழுத்தும் தமிழில் எழுதினால் ஒரே 'பி' ஆகிவிடுகிறது. இந்தப் பத்தியில் வருகிற பி எல்லாம் பெற்றோலின் பி, பஸ்ஸின் பி இல்லை.) அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கார் நிறுவனங்களுக்கும் பொதுவான கோட். 1 என்றால் அந்த நிறுவனத்தின் சொந்தக் கோட், அதற்கு அவர்களின் புத்தகம் வேண்டும். மூன்றாவது இலக்கம் எந்தப் பகுதி என்று சொல்லும்: 1, 2 என்றால் காற்றும் பெற்றோலும், 3 என்றால் பற்றவைப்பு, 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 7 அல்லது 8 என்றால் கியர்பொக்ஸ். கடைசி இரண்டும் குறிப்பான பிரச்சினை.

பி0171-ஐ நேராக வாசித்தால் இவ்வளவுதான்: முதலாம் வரிசை சிலிண்டர்களில் காற்றுக்கு ஏற்ற அளவு பெற்றோல் இல்லை, கலவை மெலிந்து கிடக்கிறது. நாலு சிலிண்டர் நேராக நிற்கிற எங்கட கார் மாதிரியானவற்றுக்கு இருப்பதே ஒரு வரிசைதான். இதைக் கணினிக்குச் சொன்னது யார்? அந்த ஒக்சிஜன் சென்சர். அதாவது, "ஐயா, காற்றுக் கூடிப்போச்சு" என்று உள்ளதைச் சொன்னவனையே கழற்றி எறிந்துவிட்டுப் புதியவனை வைக்க எங்களிடம் 860 டொலர் கேட்டிருக்கிறார்கள். புதியவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

அன்றிரவே ஒரு ஸ்கானர் ஓடர் பண்ணினேன். 45 டொலர், புளூடூத்தில் போனோடு பேசுகிறது. வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஐபோன் வைத்திருப்பவர்கள் பெட்டியில் ஐபோனுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கோ. மலிவான பழைய வகை புளூடூத் ஸ்கானர்கள் ஆண்ட்ராயிட்டோடு மட்டும்தான் பேசும். இவற்றுக்குள் இருக்கிற சிப் பெரும்பாலும் ஈஎல்எம்327 என்பதன் நகல். அசலைச் செய்தது கனடாவில் ஒரு சின்னக் கம்பனி. முதல் பதிப்பை வெளியிட்டபோது பிறர் பிரதி எடுக்காமல் பூட்டிவைக்க மறந்துவிட்டார்கள். உலகமெல்லாம் நகல் பரவிவிட்டது. அந்தக் கம்பனி 2022-இல் கடையை மூடியது. சொஃப்ட்வேர்காரியாக எனக்கு இந்தக் கதை ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.

ஸ்கானரைச் செருகுகிற இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்கும். பதினாறு துளை உள்ள பிளக். அமெரிக்காவில் 1996-இல் இருந்து விற்ற எல்லாக் கார்களிலும் இது கட்டாயம், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001-இல் இருந்து, இங்கே 2006-இல் இருந்து. அதற்கு முன் வந்த கார்களிலும் நிறைய இருக்கிறது. அப்பா சிட்னியில் வாங்கிய முதல் காரில் இந்தப் பிளக் இல்லை. ஒரு அங்கிள் வந்து இரண்டு துளையைப் பேப்பர் கிளிப்பால் தொடுத்துவிட்டு, லைட் எத்தனை தரம் மின்னுகிறது என்று எங்களை எண்ணச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

இதைச் சட்டமாக்கியவர்கள் உங்களுக்கும் எனக்கும் காசு மிச்சம் பிடிக்க அதைச் செய்யவில்லை. லொஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிபோர்னியா அரசு, கார் தன் புகையைத் தானே கண்காணிக்கவேண்டும் என்று கேட்டதில் தொடங்கியது இது. ஆகவே அந்த மஞ்சள் லைட்டின் முதல் கவலை புகைதான். ரயர் தேய்ந்தால் அதற்குத் தெரியாது. பிரேக் பாட் முடிந்தால் தெரியாது. லைட் எரியவில்லை என்பதால் கார் நன்றாக இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். (மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். புகையே இல்லாத காருக்கு இந்தக் கோட்டுகள் பொருந்தாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் போகிறது. ஹைபிரிட்டுக்குப் பொருந்தும்.)

சரி, எங்கட காருக்கு வருவோம். கோட்டை வாசித்ததோடு நிற்காமல் அடுத்த பக்கத்தைத் திறந்தேன். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று இருக்கும். லைட் எரிந்த அந்தக் கணத்தில் கார் எப்படி இருந்தது என்று எடுத்து வைத்த படம். வேகம் 0, எஞ்சின் சுற்று 700 சொச்சம், எஞ்சின் சூடாகிவிட்டது. அதாவது கோயில் கார் பார்க்கில் நாங்கள் ரிவேர்ஸ் எடுக்கக் காத்து நின்ற நேரம். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. இது ஒரு தடயம்.

இன்னொரு பக்கத்தில் எஞ்சின் ஓட ஓட இலக்கங்கள் மாறும். அதில் 'ஃபுவெல் ட்ரிம்' என்று ஒன்று. பெயர் பெரிது, விஷயம் சின்னது. சமைக்கும்போது கறியை ருசி பார்த்து உப்புப் போடுகிறோம் இல்லையா, அதுதான். ஒரு கிலோ பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று வாசலில் ஒரு சென்சர் அளக்கிறது, கணினி அதற்கேற்ற பெற்றோலை விடுகிறது. பிறகு புகைக்குழாயில் இருக்கிற ஒக்சிஜன் சென்சர் ருசி பார்க்கிறது. போதாது என்றால் கொஞ்சம் கூட்டுகிறது, கூடிவிட்டால் குறைக்கிறது. நீண்ட நாளாக எவ்வளவு கூட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் பதிவாகும். ஐந்து வீதம், எட்டு வீதம் மேலே கீழே இருப்பது சாதாரணம். எங்கட காரில் எஞ்சின் சும்மா ஓடும்போது கூட்டல் 21 வீதம். அக்ஸிலேட்டரை மெல்ல அமத்தி 2500 சுற்றில் வைத்தால் கூட்டல் 6.

இந்த வித்தியாசத்தில்தான் விடை இருக்கிறது. அளக்கிற வாசலைத் தாண்டி எங்கோ ஒரு ஓட்டையால் காற்று களவாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கோ. சின்னச் சட்டியில் வைத்த குழம்பில் ஒரு கோப்பை தண்ணீர் கூடிவிட்டால் குழம்பு ரசமாகிவிடும். அன்னதானத்துக்கு வைத்த கிடாரத்தில் அதே ஒரு கோப்பையை ஊற்றினால் ஒருவருக்கும் தெரியாது. எஞ்சின் சும்மா ஓடும்போது குடிக்கிற காற்று கொஞ்சம், அதனால் களவுக் காற்று பெரிதாகத் தெரியும். வேகமாக ஓடும்போது அது கரைந்துபோகும். மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து ஓட ஓட இந்த இலக்கம் ஏறினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கிற சென்சர் என்று வேறு பக்கம் தேடவேண்டும். ஒரே கோட், இரண்டு விதமான வருத்தம். கோட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆக, எங்கோ ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு. எங்கே என்று ஸ்கானர் சொல்லாது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் அப்பா ஆசிரியர், மெக்கானிக் இல்லை. ஆனால் 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் அங்கே கார் வைத்திருந்த எல்லோரும் அரை மெக்கானிக் ஆகவேண்டி வந்தது. பெற்றோல் இல்லை, இருந்தாலும் வாங்க முடியாத விலை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்று ஏற்கெனவே கிழடாகிப்போன கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்பப்பாவின் ஏ40-உம் அப்படித்தான். மண்ணெண்ணெய் சூடில்லாமல் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்திலில் பொன் மாதிரிப் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டாட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. இன்றைய எஞ்சினுக்கு அப்படிச் செய்தால் அன்றோடு சரி. அப்போதும் சும்மா விட்டு ஓடவிட்டால் எஞ்சின் ஆறி, பிளக் கறுத்து நின்றுவிடும். வெள்ளைப் புகை, மணம், 'டக்டக்' என்று ஒரு இடி. எல்லாவற்றையும் காதாலும் மூக்காலும் பிடிக்கவேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் நாவற்குழிப் பக்கம் போனது அந்தக் காரில்தான். எனக்கு ஆறு வயது. நடந்து போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள், அவ்வளவு சனம். சனம் அசையாத நேரங்களில் அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளினார், பிளக் கறுத்தால் திரும்ப ஸ்டாட் பண்ணப் பெற்றோல் இல்லை என்பதால். அப்பம்மா உள்ளே மடியில் என்னை வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: அப்பா அடிக்கடி "ஒருத்தரும் கதையாதேங்கோ, கேக்கவிடுங்கோ" என்றது. எஞ்சினைக் கேட்கிறாராம்.

அப்படிப்பட்ட மனுஷனிடம் 45 டொலர் ஸ்கானரைக் காட்டினால் என்ன சொல்வார்? "இது என்னத்துக்கு? காது இருக்கேக்க" என்றார்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து வந்ததும் டிரைவ்வேயில் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டோம். அப்பா குனிந்து காதை வைத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"ஒரு சத்தமும் இல்லை பிள்ளை. உன்ர மெஷின் பொய் சொல்லுது."

எனக்கும் ஃபான் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது மகள், கிட்ட வராதே என்று நான் நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து, "கேக்குது அம்மப்பா, பாம்பு மாதிரி. ஸ்ஸ்ஸ் எண்டு" என்றாள்.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக அம்மா காது டொக்டரிடம் போகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அப்பா "எனக்கென்ன குறை, நீர்தான் மெல்லக் கதைக்கிறீர்" என்று சமாளித்துக்கொண்டிருக்கிறார். வயது போகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள்தான். எஞ்சின் இடி அவருக்கு நன்றாகக் கேட்கும். காற்றுச் சீறுவது கேட்காது. இது எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை.

அவரே சொன்னார். "எங்கயிருந்து கேக்குது, காட்டு குஞ்சு." மகளின் தலைமயிரை இறுக்கிக் கட்டி, பெல்ட் ஓடாத பக்கமாக நிறுத்தி, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரலை நீட்டிக் காட்டிய இடத்தைப் பார்த்த அப்பா அதற்குப் பிறகு ஸ்கானரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. எஞ்சினின் மேல் மூடியிலிருந்து காற்றுப் பெட்டிக்குப் போகிற, எஞ்சின் மூச்சு விடுகிற ரப்பர் குழாய். மேலே பார்க்க ஒரு குறையும் இல்லை. அப்பா அதன் அடிப்பக்கமாக விரலை விட்டார். "இஞ்ச உறிஞ்சுது." விரலால் அந்த இடத்தை அடைத்தார். எஞ்சினின் ஓட்டம் சட்டென்று மாறியது, பதறிக்கொண்டிருந்தது அமைதியானது. என் போனில் அந்தக் கணமே குறுங்கால ட்ரிம் இலக்கம் சரசரவென்று கீழே இறங்கியது. அப்பாவின் விரல் எடுக்க ஏறுகிறது, வைக்க இறங்குகிறது. நாலைந்து தரம் செய்து பார்த்தோம், ஒரு தரம் போதும் என்றாலும்.

(சிலர் ஓட்டை தேட எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான எஞ்சினில் அடிப்பார்கள். வீட்டில் செய்யவேண்டாம்.)

குழாய் 38 டொலர். மாற்ற இருபது நிமிடம், அதில் பாதி அப்பா கிளிப்பைத் தொலைத்துத் தேடியது. கோட்டை நான் அழிக்கவில்லை. பிழை திரும்ப வராவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டம் சுத்தமாக இருந்ததும் லைட் தானே அணையும். புதன்கிழமை காலையில் அணைந்தது. இப்போது நிற்கும்போது 2, ஓடும்போது 3.

அழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நண்பியின் ஸ்கானரை வாங்கி, லைட் எரிச்சலாக இருக்கிறது என்று அழி என்ற பட்டனைத் தட்டிவிட்டேன். லைட் அணைந்தது, எனக்குப் பெருமை. இரண்டு கிழமையில் திரும்ப எரிந்து மெக்கானிக்கிடம் போனபோது, முதல் தடவை என்ன கோட், அப்போது கார் எப்படி இருந்தது என்று கேட்டார். கோட்டோடு சேர்ந்து அந்தப் படமும் அழிந்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. குற்றம் நடந்த வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டுப் பொலிஸைக் கூப்பிட்ட மாதிரி. ஆகவே முதலில் கோட்டையும் அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. எடுத்ததை மெக்கானிக்குக் காட்டுங்கோ. "இது பழுது, மாற்றித் தாங்கோ" என்று சொல்லாமல், "இந்தக் கோட் வந்தது, நிற்கும்போது வந்தது, ஏன் என்று பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேளுங்கோ. நல்ல மெக்கானிக்கின் முகம் அந்த இடத்தில் மலரும். சோதித்துக் கண்டுபிடிக்க அவர் கேட்கிற கூலியைக் கொடுக்கத் தயங்கவேண்டாம், தேவையில்லாத சென்சரைவிட அது மலிவு. டீலரிடம்தான் போகவேண்டும் என்றும் இல்லை. 2022 ஜூலை 1-இல் இருந்து கார் நிறுவனங்கள் தங்கள் திருத்தல் தகவல்களை நியாயமான விலைக்கு வெளிக் கராஜ்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று அவுஸ்திரேலியாவில் சட்டம் இருக்கிறது.

லைட் விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. நிலையாக எரிகிற மஞ்சள் என்றால் இந்தக் கிழமைக்குள் பாருங்கோ. மின்னுகிற மஞ்சள் என்றால் சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே எரிகிறது, ஆயிரக்கணக்கில் விலையுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டர் உருகிப்போகும். எம்4-இல் நின்றாலும் மெல்ல ஓரம் கட்டுங்கோ. சிவப்பில் எண்ணெய்ப் போத்தில் படமோ வெப்பமானிப் படமோ வந்தால் ஸ்கானரைத் தேடவே வேண்டாம், எஞ்சினை நிறுத்துங்கோ.

எங்கள் வயதில் இருக்கிற பலருக்கு இந்தக் கருவி உண்மையில் வேலைக்கு வருவது பிள்ளைக்கு முதல் கார் வாங்கும்போது. 120 மணித்தியாலம் பக்கத்தில் இருந்து லொக்புக் நிரப்பி, சிவப்பு பி கிடைத்த அடுத்த கிழமையே அக்காவின் மகனுக்குக் கார் வேண்டுமாம். தனியார் விற்பனை, கழுவித் துடைத்து மினுங்கிக்கொண்டு நின்றது, லைட் ஒன்றும் இல்லை, பிங்க் ஸ்லிப் இருக்கிறது. இரண்டு டொலர் கட்டிக் கடன் நிலுவை இருக்கிறதா என்று அக்கா பார்த்துவிட்டார், இல்லை. நான் ஸ்கானரைச் செருகினேன். கோட் ஒன்றும் இல்லை. ஆனால் 'ரெடினஸ்' என்கிற பக்கத்தில் பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று இருந்தது. கார் தன் உறுப்புகளைத் தானே சோதித்துப் பார்த்து, முடித்தவற்றைக் குறித்து வைக்கிற பக்கம் அது. பல நாள் ஓடிய காரில் அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும். இப்படி வெறுமையாக இருந்தால், அண்மையில் யாரோ கோட்டை அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

விற்றவர் பற்றரி புதிது என்றார். பார்த்தால் புதிதுதான். பொய்யென்று சொல்ல முடியாது. ஒரு கிழமை ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கோ, வந்து திரும்பப் பார்க்கிறோம் என்றோம். வியாழக்கிழமை வேறு யாருக்கோ விற்றுவிட்டதாக மெசேஜ் வந்தது. அக்காவின் மகன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கார் நல்ல காராகவும் இருந்திருக்கலாம்.

தொழில் புத்தியில் இன்னொன்று. பார்த்து முடிந்ததும் ஸ்கானரைக் கழற்றி வையுங்கோ. செருகியே விட்டால் பற்றரியை மெல்ல மெல்லக் குடிக்கும். அதைவிட, அந்தப் பிளக் காரின் நரம்பு மண்டலத்துக்குள் போகிற வாசல். 2015-இல் சான்டியேகோ கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்புறுதிக்காக இதே பிளக்கில் செருகுகிற ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, கோர்வெட் கார் ஒன்றின் வைப்பரை ஓடவிட்டார்கள், பிரேக்கைப் பிடித்தும் காட்டினார்கள், பிடிக்கவிடாமலும் செய்தார்கள். எங்கட மலிவு ஸ்கானர்களின் புளூடூத் பாஸ்வேர்ட் பெரும்பாலும் 1234. ஆப் உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் கொடுக்கவேண்டாம், கார் கோட் வாசிக்க உங்கள் மாமியின் நம்பர் தேவையில்லை.

குழாய் மாற்றிய அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் கோயில் கார் பார்க். இந்த முறை அப்பா முன் சீட்டில், அம்மாவும் மகளும் பின்னால். ஸ்டாட் பண்ணினேன், லைட் இல்லை. மகள் வந்தவர் போனவர் எல்லாரிடமும் தான்தான் கண்டுபிடித்தது என்று சொல்லி முடித்திருந்தாள், அம்மப்பாவுக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து. அப்பா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

பேர்னெற் ஸ்ட்ரீட் லைட்டில் நிற்கும்போது அப்பா, பின்னால் திரும்பாமல், "அந்தக் காது டொக்டரின்ர நம்பர் உம்மட்ட இருக்கோ?" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஹாண்ட்பாக்கின் சிப்பைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.